திருகோணமலைக் கடலடியில் இருப்பவையும் அவை அங்கே வந்து சேர்ந்த காரணமும்

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது கடலின் நிறம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கரையோரத்தில் வெளிர்பச்சையாகக் கிடக்கும் அதே தண்ணீர், இங்கே பாறையின் காலடியிலேயே கருநீலமாக இருக்கும். ஆழம்தான் காரணம். ஊருக்குத் தெற்கே மூதூர் வரை வளைந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவுக்குள் ஒரு பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு நுழைகிறது. குடாவில் தொடங்கி வங்கக் கடலின் அடியில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் வரை அது இறங்கிப் போகிறது. இலங்கையைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடல்திட்டு சராசரியாக 20 கிலோமீட்டர் அகலம் கொண்டது. திருகோணமலையில் அந்தத் திட்டு கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது.

இந்த ஊரின் கடலடியைப் பற்றி யார் பேசினாலும் போர்க்கப்பல், பவளம், திமிங்கிலம், மூழ்கிய கோயில் என்று தனித்தனியாகவே பேசுகிறார்கள். சுற்றுலாப் பிரசுரங்களிலும் அவை தனித்தனிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. எனக்கு இவை எல்லாம் ஒரே கதையின் பகுதிகளாகவே தெரிகின்றன. கடலின் தரை எங்கே மேடாக இருக்கிறது, எங்கே சட்டென்று விழுகிறது என்பதுதான் இங்கே எது வாழும், எது மூழ்கும், மூழ்கியதில் எதை மனிதன் தொட முடியும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

திமிங்கிலத்தையே எடுத்துக்கொள்வோம். நீலத் திமிங்கிலத்தைக் கரையில் நின்றபடி பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சில. மார்ச், ஏப்ரல் மாதங்களில் சுவாமி மலை உச்சியில் பொறுமையாக நின்றால், தூரத்தில் அது ஊதும் நீர்த்தூணைக் காணும் வாய்ப்பு உண்டு. 1980களின் தொடக்கத்தில் டூலிப் என்ற சிறிய பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில் நீலத் திமிங்கிலங்களைப் பதிவுசெய்த பிறகுதான் வெளியுலகம் திருகோணமலையைத் திமிங்கிலக் கடலாக அறிந்தது. உள்ளூர் மீனவர்களுக்கு அது பழைய செய்தி. ஆழ்கடலில் இரை தேடும் விலங்கு கரையருகே வருகிறது என்றால், ஆழ்கடலே கரையருகே வந்திருக்கிறது என்று பொருள். பள்ளத்தாக்கின் சரிவுகளில் ஊட்டம் மிகுந்த நீர் மேலெழும் இடங்களில் இறால் போன்ற சிற்றுயிர்கள் திரள்கின்றன. நீலத் திமிங்கிலம் அவற்றைத் தேடி வருகிறது. கணவாயைத் தேடி இருளுக்குள் இறங்கும் விந்துத் திமிங்கிலங்களும் இதே சரிவுகளில்தான் திரிகின்றன.

மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில்தான் கடலில் கலக்கிறது. மலைநாட்டிலிருந்து அது சுமந்து வரும் வண்டல் குடாவை மேடாக்கி மூடியிருக்கலாம். ஆனால் அதில் பெரும்பகுதி பள்ளத்தாக்கின் வழியே ஆழ்கடலுக்கு வழுக்கிப் போய்விடுகிறது. குடாவின் வடக்கே, கடினமான பாறைக் குன்றுகளுக்கு நடுவில் கடல் புகுந்து உருவாக்கிய உள்துறை, பெரிய கப்பல்கள் எந்தப் பருவத்திலும் காற்றுக்கு அஞ்சாமல் ஒதுங்கக்கூடிய இயற்கைத் துறைமுகம். போர்த்துக்கீசர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், பிரிட்டிஷார் எல்லோரும் இந்த ஊருக்காக அடித்துக்கொண்டதற்கு இதுவே காரணம். 1795இல் பிரிட்டிஷார் கைக்கு வந்த துறைமுகம், 1957 வரை அவர்களுடைய கடற்படைத் தளமாக இருந்தது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. கிழக்கில் பிரிட்டிஷ் கடற்படைக்கு மிஞ்சிய பெரிய தளங்கள் இலங்கையில்தான் இருந்தன. துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களும் விமானத் தளமும் திருகோணமலையை இன்னும் முக்கியமான இலக்காக்கின. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல் அணி, ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பைத் தாக்கியது. அன்றே டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு கனரகப் போர்க்கப்பல்கள் இலங்கைக்குத் தென்மேற்கே திறந்த கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அவை விழுந்த ஆழத்துக்கு எந்தச் சுழியோடியும் போக முடியாது.

திருகோணமலையின் முறை நான்கு நாள் கழித்து வந்தது. ஏப்ரல் 8 அன்று தேடல் விமானம் ஒன்று கிழக்கே ஜப்பானிய அணியைக் கண்டுவிட்டது. துறைமுகத்துக்குள் நின்றால் எளிய இலக்காகிவிடும் என்று, நகரக்கூடிய கப்பல்களை அன்றிரவே வெளியே அனுப்பினார்கள். கரையை ஒட்டித் தெற்கே போக வேண்டும், ஆபத்து நீங்கியதும் திரும்ப வேண்டும் என்பது உத்தரவு. விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், அதற்குத் துணையாக ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயர், பிரிட்டிஷ் சார்ஜன்ட், ஆதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பல்கள், சிறிய காவற்கப்பல் ஹாலிஹாக் எல்லாம் அப்படிப் புறப்பட்டவை.

மறுநாள் காலை குண்டுகள் துறைமுகத்தின் மீது விழுந்தபோது இவை தெற்கே மட்டக்களப்பை நெருங்கிக்கொண்டிருந்தன. ஜப்பானியத் தேடல் விமானம் ஒன்று ஹெர்மிஸைப் பார்த்துவிட்டது. விமானப் பாதுகாப்பு கிடைக்கும் என்று கப்பலைத் திருகோணமலைக்குத் திரும்பச் சொன்னார்கள். பாதுகாப்பு நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஹெர்மிஸின் சொந்த விமானங்களும் அன்று கப்பலில் இல்லை, கரையில் இறக்கப்பட்டிருந்தன. உலகில் விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட முதல் கப்பல், தன்னைக் காக்க ஒரு விமானம்கூட இல்லாமல் நின்றது. முற்பகல் பத்தரை மணியளவில் டைவ் பாம்பர்கள் பாய்ந்தன. அரை மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கியது. தலைவர் ரிச்சர்ட் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் நூற்றுக்கணக்கானவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கியது.

இந்தக் கப்பல்கள் இன்று சுழியோடிகளுக்கு எட்டுவது முழுக்க முழுக்க அந்த இரவின் உத்தரவால்தான். கரையை ஒட்டிப் போகச் சொன்னதால் அவை கடல்திட்டின் மேல் இருந்தன. மட்டக்களப்புக்கு நேரே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஐம்பது மீட்டர் சொச்சம் ஆழத்தில் ஹெர்மிஸ் கிடக்கிறது. இன்னும் சற்றுத் தூரம் கிழக்கே ஒதுங்கி ஓடியிருந்தால், திட்டின் விளிம்பைத் தாண்டி இருளுக்குள் போயிருக்கும். பெயரும் தேதியும் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

ஐம்பது மீட்டர் என்பது தரையில் நடந்தால் ஒரு நிமிடத்துக்கும் குறைவான தூரம். தண்ணீருக்குள் அது வேறொரு உலகம். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், ஐம்பது மீட்டரில் மேற்பரப்பைப்போல் ஆறு மடங்கு அழுத்தம் இருக்கும். சுவாசிக்கும் ஒவ்வொரு மூச்சும் ஆறு மூச்சுக்கான காற்றை இழுக்கும். வழக்கமான 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2400 லிட்டர் காற்று இருக்கிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு மேற்பரப்பில் அது இரண்டு மணி நேரம் வரும். ஹெர்மிஸின் ஆழத்தில் இருபது நிமிடம்கூட வராது. மேலே ஏறி வருவதற்கான காற்றும் அதற்குள் அடங்க வேண்டும். ஆழம் கூடக் கூட, சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசைகளிலும் கரைந்துகொண்டே போகிறது. முப்பது மீட்டரைத் தாண்டியதும் அதுவே போதைபோல் மனத்தை மழுங்கச் செய்யும். தன் மானியைப் பார்த்தும் அதில் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்ளாத நிலை வரும். வேகமாக மேலே வந்தால் கரைந்த வாயு குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுகளையும் முதுகுத் தண்டையும் தாக்கும்.

இதனால்தான் பொழுதுபோக்குக்காகச் சுழியோடுபவர்களுக்கு 40 மீட்டர் எல்லை. தொடக்கப் பயிற்சி முடித்தவருக்கு 18 மீட்டர்தான். முப்பது மீட்டரில் சுமார் 20 நிமிடம் வரை தங்கினால்தான் இடைநிறுத்தமில்லாமல் மேலே வரலாம். நாற்பது மீட்டரில் பத்து நிமிடத்துக்கும் குறைவு. ஹெர்மிஸ் அதற்கும் கீழே. ஹீலியம் கலந்த வாயு, பல சிலிண்டர்கள், மேலே வரும் வழியில் படிப்படியாக நின்று நின்று ஏறுதல் எல்லாம் கற்றவர்களுக்கான இடம் அது. கடலடி நீரோட்டம் பலமாக இருக்கும் நாளில் அவர்களும் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் உரியதல்ல. கடலட்டைக்காகவும் சங்குக்காகவும் சிங்கி இறாலுக்காகவும் தினமும் கீழே இறங்கும் நம் இளைஞர்களுக்குத்தான் இது முதலில் உரியது. ஒரே நாளில் பல சிலிண்டர்களைத் தீர்த்து, நேர அட்டவணை எதுவும் இல்லாமல், வேகமாக மேலே வந்து, இருபது முப்பது வயதில் கால் செயலிழந்தவர்கள் இலங்கையின் கரையோர ஊர்களில் இருக்கிறார்கள். கரையோரத்தில் அட்டை ஏறக்குறையத் தீர்ந்துவிட்டதால் ஆண்டுக்காண்டு இன்னும் ஆழமாகப் போகிறார்கள். சுற்றுலா வந்தவருக்கு வகுப்பு எடுத்த பிறகே கடலைக் காட்டும் நாட்டில், பிழைப்புக்காக இறங்குபவர்கள் பலர் அந்த வகுப்பு இல்லாமலே இறங்குகிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சாதாரணப் பயிற்சி பெற்றவர்களுக்கு இந்தப் பக்கத்தில் எட்டும் போர்க்கால மிச்சம் பிரிட்டிஷ் சார்ஜன்ட். அதே ஏப்ரல் 9 அன்று, கல்குடா, பாசிக்குடாப் பக்கம் குண்டு வாங்கிய எண்ணெய்க் கப்பல் இது. அதிலிருந்தவர்கள் படகுகளில் கரை சேர்ந்துவிட்டார்கள். கப்பல் இரண்டாக முறிந்து, இருபது மீட்டர் சொச்சம் ஆழத்தில் கிடக்கிறது. கிழக்குக் கரையின் கடல்தரை பெரும்பாலும் மணல். மணலில் பவளக் குஞ்சோ, கடற்பஞ்சோ, சிப்பியோ ஒட்டிக்கொள்ள இடமில்லை. ஒவ்வொரு அலையிலும் தரை நகரும். அதன் நடுவே ஒரு இரும்புக் கப்பல் விழுந்தால் அதுவே பார், அதாவது மீன் சேரும் கடலடிப் பாறைத் திட்டு. முதலில் பாசியும் கொட்டலசும் படியும். பிறகு கடல்விசிறிகளும் மென்பவளங்களும் நீரோட்டம் அடிக்கும் பக்கத்தில் வளரும். பொந்துகளுக்குள் அஞ்சாளையும் சிங்கி இறாலும் குடிவரும். இருட்டறைகளைக் கலவாய் பிடித்துக்கொள்ளும். சிறு மீன் கூட்டம் சேர்ந்ததும், அதைத் தேடிப் பாரையும் சீலாவும் சுற்றத் தொடங்கும். கப்பலின் ஓரங்களில் நீரோட்டம் உடைந்து சுழல்வதால் மிதவை உயிர்கள் அங்கே தங்குகின்றன. அதுவே முழுச் சங்கிலிக்கும் தொடக்கம்.

மீனவர்கள் இந்தச் சிதைவுகளை எந்த வரைபடத்துக்கும் முன்னதாக அறிந்திருந்தார்கள். வலை சிக்கிக் கிழியும் இடம் என்று ஒரு பக்கம் சலிப்பு. தூண்டில் போட்டால் பெரிய கலவாய் கிடைக்கும் இடம் என்று மறுபக்கம் மதிப்பு. இன்றும் மூழ்கிய கப்பல்களின் மேல் அறுந்த வலைகள் போர்வையாகக் கிடக்கின்றன. நைலான் அழுகாது, யாரும் இழுக்காத அந்த வலையில் மீனும் ஆமையும் மாட்டிச் சாகின்றன. சுழியோடும் குழுக்கள் கத்தியோடு இறங்கி அவற்றை அறுத்தெடுப்பது உண்டு. கப்பலின் அழகைப் படம் பிடிப்பதைவிட அது பெரிய வேலை.

துறைமுகத்துக்குள்ளேயும் ஒரு தனிப் பட்டியல் உண்டு. சகாயிங் என்ற சரக்குக் கப்பல் 1942 ஏப்ரல் 9 அன்று துறைமுகத்திலேயே தீப்பிடித்து எரிந்தது. மறு ஆண்டில் அதன் உடலை இறங்குதுறையாகப் பயன்படுத்த மூழ்கடித்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே கிடந்ததை இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் பல மாதம் உழைத்து 2018இல் மிதக்க வைத்தார்கள். 1944 ஆகஸ்ட் 8 அன்று, பழுதுபார்க்க ஏற்றிய வேலியன்ட் என்ற பெரும்போர்க்கப்பலோடு மிதக்கும் கப்பல்தளம் ஒன்று முறிந்து மூழ்கியது. அதில் எதிரியின் கை இல்லை. எடைக் கணக்குப் பிசகியது. வேலியன்ட் தப்பியது, ஆனால் அதன் சுக்கானும் உந்திகளும் கடுமையாகச் சேதமடைந்தன. 1995 ஏப்ரல் 19 அன்று விடுதலைப் புலிகளின் நீரடிச் சுழியோடிகள் சூரயா, ரணசுரு என்ற கடற்படைப் பீரங்கிப் படகுகளைத் துறைமுகத்துக்குள் தகர்த்தார்கள். சமாதானப் பேச்சு அத்தோடு முறிந்து போர் மீண்டும் தொடங்கியது. 1942ஐப் பற்றி எழுதும்போது அதைத் தொலைதூர வரலாறுபோல் எழுத முடிகிறது. 1995ஐ அப்படி எழுத முடியாது. அதில் உறவுகளை இழந்த குடும்பங்கள் எல்லாப் பக்கத்திலும் இன்னும் இருக்கின்றன.

ஹெர்மிஸ் கல்லறையும்கூட. 307 பேரில் பலர் அதற்குள்ளேயே இருக்கிறார்கள். மூழ்கிய போர்க்கப்பல் எந்த நாட்டுக் கடலில் கிடந்தாலும் அதன் கொடிநாட்டின் உடைமையாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. உடைமை வேறு, காவல் வேறு. நீரடிப் பண்பாட்டு மரபைக் காக்க யுனெஸ்கோ 2001இல் கொண்டுவந்த உடன்படிக்கை, குறைந்தது நூறு ஆண்டுகள் நீரில் கிடந்த பொருள்களையே உள்ளடக்குகிறது. இந்தக் கப்பல்கள் 2042 ஏப்ரலில்தான் அந்த வயதை எட்டும். அதற்குள் என்ன நடக்கலாம் என்பதற்குச் சாட்சி ஜாவாக் கடலில் இருக்கிறது. ஹெர்மிஸுக்குச் சில வாரங்கள் முன்பு, 1942இன் தொடக்கத்தில் அங்கே மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களைப் பார்க்க 2016இல் போனவர்கள், இரண்டு கப்பல்கள் இருந்த இடத்தில் கடல்தரையில் அவற்றின் அச்சுப் பள்ளத்தை மட்டுமே கண்டார்கள். ஆயிரக்கணக்கான டன் எடைகொண்ட உடல்களைப் பழைய இரும்புக்காக யாரோ வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். 2023இல் மலேசியக் கடலில், 1941 டிசம்பரில் மூழ்கிய பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிப்பல்ஸ் கப்பல்களைத் தோண்டியதாகச் சந்தேகிக்கப்பட்ட கப்பல் ஒன்று பிடிபட்டது.

கொள்ளைக்காரர் வராவிட்டாலும் உப்பு நீர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. கடலில் கிடக்கும் இரும்பு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கரைகிறது. எண்பது ஆண்டில் எட்டு மில்லிமீட்டர். மெல்லிய தகடுகள் ஏற்கெனவே போய்விட்டன. தடித்த கவசமும் பீரங்கிகளும் நிற்கின்றன. ஒரு நாள் சுவர்கள் உள்வாங்கிச் சரியும். அதற்கு முன்பே முழுமையாக அளந்து படம் எடுத்து வைப்பது இன்றைய கருவிகளால் ஆகக்கூடிய வேலை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. இங்கிலாந்திலிருந்து ஒரு குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரும்பைவிடக் கல் நீடிக்கும். சுவாமி மலையின் அடியில் நீருக்குள் கிடப்பது அதற்கு ஆதாரம். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் 1620களில் இடித்து, அந்தக் கற்களையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். இன்று பிரெடரிக் கோட்டை என்று அழைக்கப்படும் அந்தக் கோட்டையின் வாசலில் பாண்டியரின் இரட்டைக் கயல் சின்னம் செதுக்கிய கல் இன்றும் இருக்கிறது. கோட்டைக்குப் போகாத கற்கள் மலையிலிருந்து கடலில் விழுந்தன அல்லது தள்ளப்பட்டன. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடியில் சுழியோடியபோது, இயற்கைப் பாறைகளுக்கு நடுவே செதுக்கிய தூண்களையும் வேலைப்பாடுள்ள கற்களையும் கண்டார்கள். அப்போது கடலிலிருந்து மீட்கப்பட்ட சிவலிங்கம் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்ட கோயிலில் வைக்கப்பட்டது. பக்தர்கள் அதை வழிபடுகிறார்கள்.

அந்த இடத்தில் இறங்குபவருக்குப் பாறை எது, தூண் எது என்று பிரித்தறிவது முதலில் கடினம். எல்லாவற்றின் மீதும் பாசியும் கடற்பஞ்சும் படர்ந்திருக்கும். பாறை பெரும்பாலும் நேர்கோட்டில் உடையாது, தூணின் விளிம்பு நேராக இருக்கும். கண் பழகியதும் அந்த நேர்கோடு பிடிபடும். அதற்குப் பிறகு அங்கும் இங்குமாக இன்னும் பல தெரியவரும். கோயிலை இடித்தவர்கள் அழித்துவிட்டதாக நினைத்த பகுதியைக் கடல் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்து வைத்திருந்தது என்று நினைக்கும்போது, எந்தச் சமயத்தவருக்கும் சற்றுப் பேச்சு நின்றுவிடும்.

வடக்கே நிலாவெளிக்கு நேரே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் புறாமலை இருக்கிறது. பெரியதும் சிறியதுமாக இரண்டு பாறைத் தீவுகள். மாடப்புறாக்கள் கூடுகட்டும் இடம் என்பதால் வந்த பெயர். பிரிட்டிஷ் கடற்படை ஒரு காலத்தில் இந்தத் தீவைப் பீரங்கிப் பயிற்சிக்குச் சுட்டுப் பழகும் இலக்காக வைத்திருந்தது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இங்கே சிலிண்டர் தேவையில்லை. முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும்; ஆழம் இடுப்பளவிலிருந்து தொடங்குகிறது.

கிளைக்கொம்புப் பவளமும் தட்டுத் தட்டாக விரியும் பவளமும் இங்கே அதிகம். கொம்புப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. அதனாலேயே மெல்லியது, எளிதில் முறியும். உருண்டைப் பாறையாக வளரும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. அதில் மனித உயரக் கட்டி ஒன்றைப் பார்த்தால், அது பிரிட்டிஷார் இருந்த காலத்திலேயே வளரத் தொடங்கியிருக்கும். கிளிமீன்கள் அலகால் சுரண்டும் சத்தம் நீருக்குள் தெளிவாகக் கேட்கும். பவளத்தை மூச்சுத்திணற வைக்கும் பாசியை அவை தின்று தீர்க்கின்றன; தின்ற சுண்ணாம்பை வெள்ளை மணலாக வெளியேற்றுகின்றன. கடற்கரையில் நாம் காலால் அளையும் மணலில் ஒரு பங்கு இப்படி வந்தது.

துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறாக்கள்தான் புறாமலையின் பெயர் பெற்ற குடிகள். அதிகாலையில் இடுப்பளவுத் தண்ணீரில் கூட்டமாகச் சுற்றும். மனிதனைக் கண்டால் அவைதான் விலகும். சுறா என்றதும் அலறுகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இனம் முட்டையிடுவதில்லை, குட்டி போடும்; ஒரு தடவையில் இரண்டிலிருந்து ஐந்து குட்டிகள்தான். லட்சக்கணக்கில் முட்டையிடும் மீனைப் பிடித்தால் கடல் ஈடுகட்டிக்கொள்ளும். சுறாவைப் பிடித்தால் அந்த இடம் பல ஆண்டுகளுக்கு வெறுமையாகவே இருக்கும்.

இந்தப் பவளத்திட்டு பல அடிகளை வாங்கியது. 1970களில் முட்கிரீட நட்சத்திரமீன்கள் பெருகிப் பவளத்தைத் தின்றன. போர்க்காலத்தில் கடல் கட்டுப்பாடுகளால் மீனவர்கள் பிழைப்பிழந்த அதே ஆண்டுகளில், வெடிவைத்து மீன்பிடிக்கும் பழக்கம் கிழக்குக் கரையில் பாறைகளை நொறுக்கியது. 2004 சுனாமி நிலாவெளிக் கரையைத் துடைத்துப் போட்டது. ஆனால் 1998இல் எல் நினோவால் கடல் சூடேறியபோது, தெற்கிலும் மேற்கிலும் இக்கடுவை போன்ற இடங்களில் பவளம் பெருமளவு செத்துப்போக, திருகோணமலைப் பவளம் பெரும்பாலும் தப்பியது. அந்த ஆண்டுக்குப் பிறகு இலங்கையில் பவளத்தை உயிரோடு பார்க்க விரும்பியவர்கள் தேடி வர வேண்டிய சில இடங்களில் ஒன்றாகப் புறாமலை ஆனது.

பவளம் வெளுப்பது என்றால் என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். பவளம் ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு தயாரித்து, பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. நிறமும் அவற்றுடையதே. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிடக் கடல் ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, அது பல வாரம் நீடித்தால், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. மிஞ்சுவது கண்ணாடித் தோலுக்கு அடியில் தெரியும் வெள்ளைச் சுண்ணாம்பு. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். 1998இல் தப்பிய இடம் என்பதால் எப்போதும் தப்பும் என்று நம்ப இடமில்லை. உலகளாவிய நான்காவது வெளுப்பு அலை நடந்துகொண்டிருப்பதை 2024 ஏப்ரலில் அறிவியலாளர்கள் உறுதிசெய்தார்கள். இந்தியப் பெருங்கடலும் அதற்குள் அடக்கம்.

வெப்பத்தைத் திருகோணமலை தனியாக நின்று தடுக்க முடியாது. மனிதக் கால்களைத் தடுக்க முடியும். 2009இல் போர் முடிந்த பிறகு புறாமலைக்கு வரும் கூட்டம் பெருகியது. நீச்சல் தெரியாதவர்கள் மிதப்புச் சட்டையோடு இறங்கி, பயம் வந்ததும் காலடியில் கிடைத்ததன் மேல் நிற்கிறார்கள். அது பத்து ஆண்டு வளர்ந்த கொம்புப் பவளமாக இருக்கும். தீவின் கரையில் குவிந்து கிடக்கும் வெள்ளைத் துண்டுகளைக் கிளிஞ்சல் என்று நினைத்து நடப்பவர்கள் அதிகம். அவை முறிந்த பவளத்தின் எலும்புகள்.

போகிறவர்கள் ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் போக வேண்டும். அந்த மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கிழக்குக் கரை கண்ணாடியாகக் கிடக்கும். நவம்பரில் வாடை எழுந்துவிட்டால் அலை கரையில் அறையும், ஆறுகள் வண்டலோடு வரும், நீருக்குள் கை நீட்டினால் விரல் தெரியாது. படகுக்காரரிடம் காலை ஆறு மணிக்கே கிளம்பலாமா என்று கேளுங்கள். கூட்டம் வருவதற்கு முன்பு சுறாக்கள் கரையோரம் இருக்கும். நீச்சல் தெரியாதவர் மணல் உள்ள பக்கத்திலேயே இறங்க வேண்டும். வெயிலுக்குப் பூசும் களிம்புக்குப் பதிலாக முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது தோலுக்கும் பவளத்துக்கும் நல்லது.

பூங்கா நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவையும் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பை உண்மையாகவே நடைமுறைப்படுத்த வேண்டும். நீந்தும் பாதையையும் நிற்கக்கூடிய மணல் திட்டுகளையும் கயிறு கட்டிக் காட்ட வேண்டும். நிலாவெளி, இறக்கக்கண்டி மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளையே சம்பளத்துக்கு வழிகாட்டிகளாக நீருக்குள் நிறுத்த வேண்டும். அந்தக் கடலின் நீரோட்டம் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. படகுகள் பவளத்தின் மேல் நங்கூரம் போடாமல் கட்டிவைக்க, புறாமலையிலும் மூழ்கிய கப்பல்களின் மேலும் நிலையான மிதவைகள் போட வேண்டும். ஒரு மிதவைக்கு வேண்டியது ஒரு கான்கிரீட் கட்டை, சங்கிலி, கயிறு, ஆண்டுக்கொரு முறை அதைச் சோதிக்க ஒரு சுழியோடி.